விற்க நாலு பாஷை

எங்கள் மாவட்டத்தில் தையல், மெத்தை, பேக்கரி என்று எந்தத் தொழில் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கினாலும் அதில் ஆறாவதாக ஒரு கேள்வி இருக்கும்: ‘வீட்டில் பேசும் மொழி’. எங்கள் வாழ்வாதாரத் திட்ட அலுவலகத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, “யாரோ பெரிய அதிகாரி யோசிச்சு வெச்சிருக்காரு மேடம்” என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் கோபமும் வரும். பெரிய அதிகாரியாவது, யோசிக்கிறதாவது! லாட்ஜுகளுக்குத் தலையணை தைத்துப் போட்ட ஓர் அம்மாள் சண்டை போட்டு வாங்கிய கேள்வி அது. அந்தச் சண்டையில் முதல் அடி வாங்கியவள் நான்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், “என்ன கேக்காம எப்படி எழுதுன?” என்று அன்றைக்கே போன் வரும். எல்லாரும் ஆப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். உருதுக்காரர்கள் வீட்டில் அக்காவுக்கு அப்படித்தான் பெயர். அவரைவிட மூத்த கிழவிகள்கூட ஆப்பா என்பார்கள். போஸ்ட்மேனும் அப்படித்தான். நானும் மூன்றாவது சந்திப்பிலேயே அதற்கு வந்துவிட்டேன்.

நல்ல உயரம். முகம் மறைக்காத கறுப்பு புர்கா, அதன்மேல் கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்ச் டேப். புருவத்தில் இலவம்பஞ்சு ஒட்டியிருக்கும். யாராவது சொன்னால் துடைத்துக்கொள்வார், ஐந்து நிமிடத்தில் வேறு பஞ்சு வந்து உட்கார்ந்துவிடும். மசூதித் தெருவை ஒட்டிய சந்தில் அவர் வீடு. அந்தச் சந்திலும் அடுத்த சந்திலுமாகப் பதினெட்டுப் பெண்கள், அவரையும் சேர்த்து, ஒரே குழு. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சமையலறையிலேயே தலையணை தைத்துப் பஞ்சு அடைப்பாள். அடுப்புக்கு இந்தப் பக்கம் பஞ்சு, அந்தப் பக்கம் குழந்தை. அங்கே இருமல் இல்லாத பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

பௌர்ணமி நெருங்கினால் கிரிவலக் கூட்டத்துக்காக லாட்ஜுக்காரர்கள் தலையணைக்குப் பறப்பார்கள். ஆப்பா ஆட்டோவில் சரக்கை ஏற்றிக்கொண்டு போய் நிற்கும் அழகை ஒருநாள் கூடவே போய்ப் பார்த்தேன். ஆந்திராவிலிருந்து வந்து லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஆளிடம் தெலுங்கு: “மெத்தகா உண்டுந்தி, பாபு!” அடுத்த லாட்ஜில் வடநாட்டு மேனேஜரிடம் இந்தி. அதற்கடுத்த லாட்ஜில் முதலாளியம்மா கீழ்பென்னாத்தூர், அங்கே, “இன்னாக்கா, பழைய தலகாணியெல்லாம் கல்லாட்டம் ஆயிடுச்சே, சாமி கும்புட வர்றவங்க கழுத்து இன்னாத்துக்கு ஆவறது?” என்று நம் ஊர்த் தமிழ். அசந்துபோய், “எப்படி ஆப்பா இத்தனை பாஷை?” என்றேன்.

“விக்கிறதுக்கு எத்தன பாஷ வேணும்னாலும் பேசுவேன் மேடம். கத்துக்கறது மட்டும் என் பாஷையில” என்றார்.

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவிடம் ஒரு விடாப்பிடி உண்டு. யார் எதைச் சொன்னாலும், “இத உங்க வீட்டுல எப்படிச் சொல்வீங்க?” என்று திருப்பிக் கேட்பார். வங்கியில் கேட்பார், கரண்டு ஆபீஸில் கேட்பார். ஒரு தடவை தலைசுற்றல் என்று டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். டாக்டர் சின்னப் பையன். ஹைப்பர்டென்ஷன், சோடியம் இன்டேக், லைஃப்ஸ்டைல் மாடிஃபிகேஷன் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டை நீட்டினார். ஆப்பா வாங்கவில்லை.

“தம்பி, இதே உங்க அம்மாவுக்கு வந்திருந்தா வீட்டுல எப்படிச் சொல்வீங்க?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “ம்… அம்மா, உப்பு கம்மி பண்ணு, ஊறுகாய் பக்கமே போகாத, சும்மா எல்லார்கிட்டயும் கத்தாதன்னு சொல்வேன்” என்றார்.

“பாத்தீங்களா தம்பி, இப்ப புரிஞ்சுடுச்சு” என்று சீட்டை வாங்கிக்கொண்டார். கத்துவதை மட்டும் அவர் நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். மகன் மொபைல் கடை வைத்திருந்தான். பேத்தியிடம் ஆங்கிலம்தான் பேசுவான். பாட்டியிடம் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் பிஸ்கட் கேட்டால் கிடைக்காது. வீட்டுப் பேச்சில் கேட்டால் இரண்டாகக் கிடைக்கும். “இந்தப் பாஷைய வெச்சிகினு இன்னா கிழிக்கப் போற?” என்று மகன் ஒருநாள் என் எதிரிலேயே கேட்டுவிட்டான். ஆப்பா மிஷினிலிருந்து தலை தூக்காமல், “கிழிக்கிறதுக்கு இல்லடா, தைக்கிறதுக்கு” என்றார். மகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என்னையும் அவர் விடவில்லை. முதல் தடவை சரக்கைப் பார்வையிடப் போனபோது அடுக்கியிருந்த தலையணைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சத்தமில்லாமல் எண்ணுவதாக எனக்கு நினைப்பு. எண்ணி முடித்துத் திரும்பினால், “மேடம் வீட்டுல தெலுங்கா?” என்கிறார்.

“இல்லையே, நாங்க தமிழ்தான்” என்றேன் வெடுக்கென்று.

“மூடு, நாலுகு, ஐதுன்னு உதடு அசஞ்சுதே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் தெலுங்குதான். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று ஆறு வயதில் மறைக்க ஆரம்பித்தது. கல்யாணமாகி, வேலை கிடைத்து, அம்மாவிடம் போனில்கூட யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் பேசும் அளவுக்குப் பழகிப்போயிருந்தது. நான் பேனாவை மூடினேன். ஆப்பா அதற்குமேல் கேட்கவில்லை, டீ போட உள்ளே போய்விட்டார்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களுக்கு முதலில் கரண்டில் ஓடும் மிஷினைப் பழக்கியது எங்கள் அலுவலகம். ஏற்பாடு செய்தவள் நான். பயிற்சியாளர் தமிழில் அழகாகத்தான் சொன்னார். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் நானே எழுந்து, “புரிஞ்சுதா?” என்று கேட்டேன். “புரிஞ்சுது மேடம்” என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். நாலாம் நாள் ஷமீம் என்ற பெண்ணுக்கு நூல் சிக்கியது. மிஷினை நிறுத்தாமல் கையால் இழுத்தாள். ஊசி நகத்தோடு விரலைத் துளைத்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதுகொண்டே, “நான் கேட்டேனே ஆப்பா, புரிஞ்சுதுன்னாளே!” என்றேன்.

“அவ புரிஞ்சுதுன்னு சொன்னது உங்களுக்கு மரியாத மேடம். புரியலன்னு சொல்றதுக்கு அவளுக்குத் தமிழ்ல தைரியம் இல்ல” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் அரசுத் திட்டத்தில் பொதுத் தொழிற்கூடம் பற்றிய பேச்சு வந்தது. ஒரு குழுவுக்குத் தனிக் கட்டடம், பன்னிரண்டு கரண்டு மிஷின், பஞ்சு அடிக்க இயந்திரம், தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேன். சமையலறையை விட்டுப் பஞ்சு வெளியே போய்விடும், பிள்ளைகளின் இருமல் நிற்கும். ஆனால் ஒரு நிபந்தனை. குழுவினர் பதினைந்து நாள் பயிற்சி எடுத்துத் தேர்வில் தேற வேண்டும். பதினெட்டில் பதினைந்து பேராவது தேறவில்லை என்றால் கூடம் வேறு ஊர்க் குழுவுக்குப் போய்விடும். மறுபடி கேட்க முடியாது.

ஆப்பா நேரே எங்கள் அதிகாரியிடம் வந்து நின்றார். பயிற்சி உருதுவில் வேண்டும் என்றார். அதிகாரி நல்ல மனிதர்தான், அவருக்கு வியப்பு.

“ஏம்மா, நீங்க இவ்ளோ நல்லா தமிழ் பேசறீங்க. உங்க பொம்பளைங்களும் மார்க்கெட்டுல பேசறாங்க. இது வாழ்வாதாரத் திட்டம்மா. பாஷைய வளக்கறதுக்கு வேற டிபார்ட்மென்ட் இருக்கு.”

“நான் பாஷைய வளக்க வரல சார். என் பொம்பளைங்க விரல காப்பாத்த வந்தேன்.”

“அதான் தமிழ் தெரியுமே?”

“கத்திரிக்கா வாங்கற அளவுக்குத் தெரியும். பேரம் பேசத் தெரியும். பயந்துட்டா வராது சார். கரண்டு மிஷின் முன்னாடி உக்காந்தா பயம் வருது. அப்ப அம்மாகிட்ட பேசன பேச்சு ஒன்னுதான் கூட நிக்கும்.”

அதிகாரி பேனாவை உருட்டினார். “உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு நரிக்குறவங்க கேப்பாங்க, தெலுங்குக்காரங்க கேப்பாங்க. நான் எங்க போறது?”

“கேக்கட்டும் சார். கேட்டா குடுங்க. அவங்களுக்கும் பத்து விரலுதானே?”

தெலுங்குக்காரர்கள் என்றதும் ஆப்பா என் பக்கம் திரும்புவார் என்று பயந்தேன். அவர் திரும்பவில்லை. என் ரகசியத்தை அந்த மேஜையில் போட்டிருந்தால் அவர் கட்சி வலுத்திருக்கும், போடவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. “சார், எங்க வீட்டுல தெலுங்குதான் சார்” என்று எழுந்துவிட்டேன். “ஒன்னாங்கிளாஸ்லயும் ரெண்டாங்கிளாஸ்லயும் டீச்சர் சொன்னது எனக்கு ஒன்னுமே புரியல. புரிஞ்சுது புரிஞ்சுதுன்னே சொன்னேன். யாருக்கும் தெரியாது.” பதினோரு வருடம் கூட வேலை பார்த்த மனிதர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். கடைசியில் ஃபைலை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

சென்னையிலிருந்து உருதுப் பயிற்சியாளர் வந்தார். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம், இளைஞர், பட்டம் படித்தவர். முதல் நாள் அவர் பேச ஆரம்பித்ததும் பெண்கள் எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “ஜி, ஜி” என்று தலையாட்டினார்கள். இரண்டு நாளும் ஒரு சத்தம் இல்லை. எனக்கு உருது தெரியாது. ஆனாலும் கதவோரம் நின்றுகொண்டு, எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று பூரித்துப் போனேன்.

மூன்றாம் நாள் காலையில் டீக்கடை வாசலில் ஆப்பா என்னைப் பிடித்தார். முகமே சரியில்லை.

“மேடம், ஒன்னு சொல்லணும். திட்டக் கூடாது.”

“சொல்லுங்க.”

“அந்தத் தம்பி பேசறது எனக்குப் புரியல.”

டீ புரையேறிவிட்டது. “என்னாது! ஆப்பா, நீங்கதானே ஆபீஸையே ரெண்டாக்கி உருது வேணும்னு வாங்கனீங்க?”

“வாங்கனேன். அவரு பேசறது புத்தகத்து உருது. எங்களுது வேற பேச்சு மேடம், இந்த ஊரு மண்ணுல பொரண்ட பேச்சு. அந்தப் பெரிய உருதுவ பயான்ல, மார்க்கப் பிரசங்கத்துலதான் கேப்போம். அதுல ஒருத்தர் பேசுனா எதிர்க்கேள்வி கேக்க எங்களுக்கு வாயே வராது. தலைய மூடிகினு உக்காரத்தான் வரும். ரெண்டு நாளா நானும் ஜி ஜின்னு தலையாட்டினு இருக்கேன், வெக்கக்கேடு!”

டாக்டரையே வீட்டுப் பேச்சுக்கு இறக்கிய ஆப்பா தலையாட்டினாரா! எனக்குக் கோபம் வந்து, கோபத்தின் நடுவிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்புறம் இஞ்ச் டேப்பைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று பயிற்சி அறைக்கு நடந்தார். நான் காசைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

எல்லாப் பெண்களும் கேட்கும்படி, எனக்கும் புரியட்டும் என்று தமிழில் கேட்டார்: “தம்பி, ஊருக்குப் போனா அம்மாகிட்ட இப்படித்தான் பேசுவியா?”

இளைஞர் திகைத்தார், பிறகு காதுவரை சிவந்தார். “இப்படிப் பேசினா எங்கம்மா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க ஆப்பா. நம்ம பேச்சுதான் வீட்டுல. கவர்மென்ட் பயிற்சின்னாங்க, அதான் நல்ல உருதுவா பேசலாம்னு…”

“நக்கோ!” என்றார் ஆப்பா. வேண்டாம் என்பதற்கு அவர்கள் பேச்சில் அதுதான். “ரெண்டு நாளா எனக்கே ஒன்னும் புரியல. எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன். அம்மாகிட்ட பேசற மாதிரி பேசு.”

இளைஞர் அப்படியே பேசினார். அவ்வளவுதான், அறை சந்தைக்கடையாகிவிட்டது. ஒரே நேரத்தில் நாலு பேர் கேள்வி கேட்டார்கள். ஒருத்தி மிஷினைத் தட்டிச் சண்டைக்கு நின்றாள். ஷமீம், விரலில் தழும்போடு, ஒன்பது கேள்வி கேட்டாள், நான் எண்ணினேன். ஒரு வார்த்தைகூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று விளங்கியது. என் பயிற்சியில் அது கேட்டதே இல்லை.

தேர்வு நாளன்று வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் ஜீப்பில் வந்தார். கறாரான ஆள். தைத்துக் காட்டியதில் எல்லாருக்கும் மதிப்பெண் போட்டார். அடுத்து வாய்மொழிக் கேள்வி. ஷமீம்தான் முதல். தமிழில் கேட்டார்: “மிஷின் ஓடறப்ப நூல் சிக்கினா முதல்ல என்ன செய்வீங்க?”

அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த விஷயம் உலகத்திலேயே இல்லை. ஆனாலும் முகம் வெளுத்து, உதடு ஒட்டிக்கொண்டது. தேர்வாளர் பேனாவைத் தாளில் வைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக முக்காட்டை இழுத்துவிட ஆரம்பித்தார்கள். கூடம் கையைவிட்டுப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

“சார், ஒரு நிமிஷம்” என்று ஆப்பா எழுந்தார். “அவ அவ பேச்சுல சொல்லட்டும்.”

“விதிப்படி தமிழ் இல்லன்னா இங்கிலீஷ்மா.”

நான் வாயைத் திறந்தேன். “சார், பதிலைத் தமிழ்ல அல்லது ஆங்கிலத்துல பதிவு செய்யணும்னுதான் விதியில இருக்கு. நீங்க தமிழ்லயே பதிவு பண்ணுங்க. சொல்றவங்க எதுல சொல்லணும்னு இல்ல.” முதல்நாள் ராத்திரி முழுக்க அந்த விதித் தாளைப் படித்திருந்தேன்.

தேர்வாளர் தாளை வாங்கி வாசித்துப் பார்த்தார். “சரி, யார் மொழிபெயர்க்கறது?” என்று ஆப்பா பக்கம் திரும்பினார். “நீங்க பண்ணா நீங்களே பதில் சொல்லிடுவீங்க.”

“நியாயம்தான் சார்” என்றார் ஆப்பா. ஜன்னலுக்கு வெளியே ஜீப்பில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த டிரைவரைக் காட்டினார். “உங்க டிரைவர் ஆற்காட்டுக்காரராம், காலையில பேசிகினு இருந்தோம். எங்க பேச்சு வரும், தையல் தெரியாது. எங்களுக்குச் சொந்தமும் இல்ல, உங்க ஆளு. அவரு சொல்லட்டும்.”

தேர்வாளர் சிரித்துவிட்டார். டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு உள்ளே வந்தார். அவர் ஒரு வரி பேசியதும் ஷமீம் மடைதிறந்த மாதிரி கொட்டினாள்.

“சார், மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணணும்ன்றாங்க. அப்புறம் வீல கையால சுத்தி ஊசிய மேல தூக்கணுமாம். ஓடறப்ப ஊசிகிட்ட கையே போவக் கூடாதாம். போனா இதான் கெதின்னு விரல காட்றாங்க சார்.”

தேர்வாளர் அந்த விரலைப் பார்த்தார், பிறகு எழுதினார். அதன்பின் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாருமே தடுமாறவில்லை. டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. பதினேழு பேர் முடிந்து கடைசியாக ஆப்பா வந்து உட்கார்ந்ததும் தேர்வாளர் டிரைவரைப் போகச் சொன்னார்.

“உங்களுக்கு எதுக்கும்மா இவரு? என்னவிட நல்லா தமிழ் பேசறீங்க. தமிழ்லயே சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்.”

“அவரு இருக்கட்டும் சார்.”

“ஏம்மா?”

“நான் தமிழ்ல சொல்லி பாஸ் பண்ணிட்டா, எனக்கு மட்டும்தான் நெஜமா தெரிஞ்சுது, மத்த பதினேழு பேருக்கு சலுகைன்னு ஆயிடும். அவங்க சலுகையில பாஸ் ஆவல சார். தெரிஞ்சுதான் பாஸ் ஆனாங்க. அவங்க சொன்ன பேச்சுலயே நானும் சொல்றேன்.”

தேர்வாளர் டிரைவரை இருக்கச் சொன்னார். கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டார், ஆப்பாவும் தன் பேச்சில் பதில் சொல்லிக்கொண்டே போனார். கடைசிக் கேள்வி தாளில் இல்லை, தேர்வாளர் தானாகக் கேட்டது: “கூடம் வந்தா நீங்கதான் பொறுப்பு. புதுசா ஒரு பொண்ணு வேலைக்கு வந்தா முதல் நாள் என்ன சொல்லிக் குடுப்பீங்க?”

ஆப்பா யோசிக்கவில்லை. நாலே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார். டிரைவர் மொழிபெயர்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னய்யா சொன்னாங்க?”

“புரியலன்னா புரியலன்னு சொல்லு, நான் திட்டமாட்டேன்னு சொல்லிக் குடுப்பாங்களாம் சார். மிஷினெல்லாம் ரெண்டாவது நாளாம்.”

பதினெட்டுப் பேரும் தேறினார்கள். ஆப்பா விடாமல் கேட்டு, அடுத்த விண்ணப்பத்திலேயே அந்த ஆறாவது கேள்வியும் ஏறிவிட்டது. கூடம் எங்களுக்கே வந்தது. நான் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், எங்களுக்கு என்று எழுதக் கூடாது. எழுதுகிறேன்.